ரயில் விதி

வெள்ளவத்தையில் கடற்பக்க ஒழுங்கைகளில் வளர்ந்தவர்களுக்கு எங்கள் சாப்பாட்டு மேசையைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. உங்கள் வீட்டிலும் அப்படியொன்று இருந்திருக்கும். ஒரு காலின் கீழே மடித்த அட்டைத்துண்டு. மேலே, துடைத்துத் துடைத்துப் பூக்கள் மங்கிப்போன பிளாஸ்டிக் விரிப்பு. பாணந்துறைப் பக்கம் ரயில் போகும்போதெல்லாம் ஒன்றோடொன்று உரசி முணுமுணுக்கும் கண்ணாடிக் குவளைகள். அந்த ஆண்டுகளில் உங்களுக்கும் பத்து, பதினொரு வயதென்றால் இன்னொன்றும் தெரிந்திருக்கும்: வாசலில் நின்று, வீட்டில் எத்தனை பேர் என்று யாராவது சிங்களத்தில் கேட்டால், அந்த நேரம் வீட்டுக்குள் இருப்பவர்களை எண்ணக் கூடாது. பொலிஸ் பதிவுத்தாளில் இருப்பவர்களைத்தான் எண்ண வேண்டும்.

இவை நமக்குப் பொதுவானவை. பொதுவில்லாத ஒன்றைச் சொல்வதற்காக இதை எழுதுகிறேன். அந்த மேசையில் ஒன்பது மாதம் வேறொரு கிரகத்தின் யுத்தம் நடந்தது. அதை நடத்தியவர்கள் இருவர்: பதினொரு வயதான நானும், இருபத்து மூன்று வயதான என் பெரியம்மாவின் மகளும்.

அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார். யுத்தத்தால் தரைப்பாதை பூட்டியிருந்ததால் திருகோணமலை வரை கப்பலிலும், அங்கிருந்து பஸ்ஸிலும் வந்தார். அடுத்த கிழமை அத்தான் வந்தார், அவர் குடியேறியிருந்த குளிர்நாட்டிலிருந்து. காலி வீதி மண்டபமொன்றில் தாலி கட்டினார்; பதினாறு நாள் நின்றார்; போய்விட்டார். அந்தப் பதினாறு நாளும் உறவினர் வீடுகளில் விருந்து. இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததைவிட இடியப்பத் தட்டுகளைப் பார்த்ததுதான் அதிகம் என்று அக்கா பிறகு சொல்வார்.

அத்தான் அங்கிருந்து விண்ணப்பம் போட்டார். விசா வருவதற்கு முன் தூதரகத்தில் ஒரு நேர்முகம் உண்டு. திருமணம் மெய்யானதா என்று அதில் பார்ப்பார்கள். கணவர் காலையில் தேநீரா, கோப்பியா? லீவு நாளில் என்ன செய்வார்? பதில் பிசகினால் நிராகரிப்பு. நிராகரித்தால் திரும்பிப் போகப் பாதையில்லை. கொழும்பில் தங்குவதற்கோ காரணம் வேண்டும். பதிவுத்தாளில் 'கொழும்புக்கு வந்த காரணம்' என்ற நிரலில் அக்காவின் பெயருக்கு நேரே அப்பா 'வெளிநாடு செல்வதற்கு' என்று எழுதியிருந்தார். அந்த இரண்டு சொற்களின் மேல்தான் அக்கா எங்கள் வீட்டில் குடியிருந்தார்.

பொங்கல் கழிந்த கிழமை, அத்தானின் நண்பரொருவர் ஊருக்கு வரும் வழியில் ஒரு பார்சலைத் தந்துவிட்டுப் போனார். அம்மா கத்தரிக்கோலால் ஒட்டுநாடாவை வெட்டினார். குளிர்ச்சட்டை ஒன்று, உருகி மறுபடி இறுகிய சொக்லேட், முகத்துக்குப் பூசும் கிறீம். அடியில் ஒரு கனத்த அட்டைப்பெட்டி. அதன் மூடியில் இரண்டு சூரியன்கள், சிவந்த பாலைநிலம், இரும்புக் கவசம் போட்டவர்கள் ஒருபக்கம், துணி சுற்றிய மெலிந்த உருவங்கள் மறுபக்கம். உள்ளே சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்கள். அவற்றில் கைகளும் தலைகளும் துவக்குகளும் தனித்தனியே, இன்னும் ஆளாகாமல், ஒட்டிக்கொண்டிருந்தன.

"முப்பத்தொரு வயசு மனிசன்," என்றார் அம்மா. "பெண்சாதிக்குப் பொம்மை அனுப்பியிருக்கிறார்."

"சீலை அனுப்பியிருந்தா நிறம் சரியில்லை எண்டிருப்பீர்," என்றார் அப்பா, பத்திரிகையை விலக்காமல்.

பெட்டிக்குள் கடிதமும் இருந்தது. அக்கா அதை ஒருமுறை தனியாகவும், பிறகு அம்மாவுக்குக் கேட்கும்படியாகவும் வாசித்தார். 'லீவு நாளில் நான் செய்யிறது இதுதான். இவையளை ஒட்டி, நிறம் பூசி, மேசையில விட்டுச் சண்டை பிடிக்கிறனாங்கள். நேர்முகத்தில கட்டாயம் கேட்பினம். நீரும் பழகிப் பாரும்.'

ஆகவே, விளையாட்டல்ல அது. பாடம். அக்காவுக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும்; விதிப்புத்தகமோ பொடி எழுத்தில் நாற்பது பக்கம். எனக்கு ஆங்கில ரியூஷன் இருந்தது, அப்பாவின் தடித்த அகராதியும் இருந்தது. நேர்முகத்துக்கு முன் அந்த நாற்பது பக்கத்தையும் தமிழாக்கி அக்காவைப் பாடமாக்கச் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. எனக்கு அதுவரை யாரும் தந்திராத அளவு பெரிய பொறுப்பு.

பகலில் அக்கா உறுப்புகளை வெட்டி ஒட்டினார். சிறு குப்பிகளில் ஆறு நிறங்கள் வந்திருந்தன. கவசக்காரர்களுக்கு நீலம் பூசினார். அவர்களுக்குக் காவலர் என்று பெயர் வைத்தோம். துணி சுற்றியவர்கள் தூசிமக்கள். காவலர் பத்துப் பேர், எனக்கு. தூசிமக்கள் பன்னிரண்டு பேர், அக்காவுக்கு. தூசிமக்களில் ஒருத்தியின் முதுகில் ஒரு கலம் இருந்தது. புத்தகத்தின்படி அந்தக் கிரகத்தில் மிஞ்சியிருந்த கடைசித் தண்ணீர் அதற்குள்தான். ஆறு சுற்றுக்குள் அவளை மேசையின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்குக் கொண்டுபோனால் தூசிமக்களுக்கு வெற்றி. அதற்குள் அவள் விழுந்தால் காவலருக்கு.

"ஏனக்கா உங்களுக்கு இவை? காவலரிட்ட எவ்வளவு பெரிய துவக்கு, பாருங்கோ."

"சாமான் தூக்கிக்கொண்டு ஓடுற வேலை எனக்குத் தெரிஞ்ச வேலை, குட்டி," என்றார் அக்கா. கலம் சுமந்தவளுக்குத் தண்ணிக்காரி என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

பால்மா ரின்கள் குன்றுகளாயின. நெருப்புப்பெட்டிகள் வீடுகள். அம்மாவின் தையல் அளவுநாடாவால் அங்குலம் அங்குலமாக, எங்கள் பேச்சில் இஞ்சிக் கணக்கில், தூரம் அளந்தோம். லூடோப் பெட்டியிலிருந்து தாயக்கட்டைகள் வந்தன. சுவருக்குப் பின்னால் நிற்பவருக்குப் பாதுகாப்பு அதிகம் என்று புத்தகம் சொன்னது. அக்கா ஒருநாளும் தன் ஆட்களைச் சுவருக்குப் பின்னால் நிறுத்தவில்லை. "சுவர் மேல விழும்," என்றார். அதற்குப் பதிலாக முகம் துடைக்கும் துவாயை மடித்து நடுமேசையில் ஒரு பள்ளம் செய்தார். பள்ளத்துக்குப் புத்தகத்தில் விதி இல்லை. நாங்களே ஒன்று எழுதிக்கொண்டோம்.

ரயில் விதியும் அப்படி நாங்கள் எழுதியதுதான். முதல் நாளே தெரிந்துவிட்டது: ரயில் போனால் மேசை நடுங்கும், நடுங்கினால் ஆட்கள் நகர்வார்கள், சிலர் விழுவார்கள். ஒவ்வொரு முறையும் எடுத்துப் பழைய இடத்தில் வைப்பதில் சண்டை வந்தது. முடிவில் அக்கா தீர்ப்புச் சொன்னார்: ரயில் தள்ளினால் தள்ளினதுதான், விழுத்தினால் செத்ததுதான். அதற்கு ஆரும் பொறுப்பில்லை. எங்கள் மேசை கடற்பக்கம் சற்றுச் சரிந்திருந்ததால் ரயில் எல்லாரையும் எப்போதும் கடலை நோக்கியே தள்ளியது. கூடினால் கால் இஞ்சி. காவலர் நின்றது தரைப்பக்க விளிம்பில். தண்ணிக்காரி கடற்பக்கமிருந்து தரைப்பக்கம் போக வேண்டியவள். ஆகவே ரயில் எப்போதும் அக்காவுக்கு எதிரி.

இதையெல்லாம் நான் ஒரு கொப்பியில் எழுதினேன். எண்பது பக்கக் கொப்பி, பழுப்புத் தாள் உறை. இரு படைகளின் ஆட்களையும் பட்டியலிட வேண்டும் என்று புத்தகம் சொன்னது. ஆட்களைப் பட்டியலிடுவதற்கு எனக்குத் தெரிந்த முறை ஒன்றுதான் இருந்தது. அடிமட்டத்தால் நிரல்கள் கீறி, பெயர், வயது, நிரந்தர முகவரி, வந்த காரணம், தங்கியிருக்கும் காலம் என்று தலைப்பிட்டேன். தண்ணிக்காரிக்கு எழுதியது இன்னும் நினைவிருக்கிறது. நிரந்தர முகவரி: இரண்டாம் சூரியனுக்குக் கீழே. வந்த காரணம்: அங்கால போவதற்கு. தங்கியிருக்கும் காலம்: ஆறு சுற்று.

அக்கா அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் நீலக் குப்பி கவிழ்ந்தது. "அடையாள அட்டை இலக்கம் எங்கையடி? அதில்லாமல் ஒரு காவலனும் விடான்."

புத்தகத்தின்படி ஒவ்வொரு சுற்றும் மூன்று கட்டம். முதற் கட்டத்தில் ஆட்களை நகர்த்துவது. அடுத்தது சுடுவது. கடைசியில், சாவைப் பார்த்தவர்கள் நிற்பார்களா, ஓடுவார்களா என்று கட்டை எறிந்து பார்ப்பது. முதற் கட்டத்தின் ஆங்கிலப் பெயருக்கு அகராதி மூன்று சொற்களைத் தந்தது: அசைவு, இயக்கம், நகர்வு. 'அசைவு' பலவீனமாக ஒலித்தது. 'நகர்வு' நத்தைக்குரிய சொல்லாகப் பட்டது. 'இயக்கம்' என் விஞ்ஞானப் பாடப்புத்தகத்தில் ஓர் அத்தியாயத்தின் தலைப்பு. கம்பீரமான சொல். அதை எடுத்தேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள்; வடக்கில் ஆயுதம் ஏந்தியவர்களுக்கும் அதுதான் பெயர். ஆனால் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைப் பெரியவர்கள் ஒருநாளும் சொன்னதில்லை. 'அவை' என்பார்கள், 'பெடியள்' என்பார்கள், பல நேரம் தாடையை வடக்குப் பக்கம் சற்று உயர்த்துவதோடு சரி. ஆகையால் அந்தச் சொல் எனக்கு விஞ்ஞானத்தில் மட்டுமே இருந்தது.

நேர்முகத்துக்கு ஒரு கிழமை இருக்கையில் பக்கத்து ஒழுங்கையில் வீடு வீடாகச் சோதனை நடந்தது. எங்கள் ஒழுங்கைக்கும் வருவார்கள் என்று அம்மா அலுமாரிகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அவர் குசினி வாசலில் என் கொப்பியோடு நின்றார்.

"இது ஆர் எழுதினது?"

"நான்தான் அம்மா. அக்காவுக்கு."

அம்மா தணிந்த குரலில் வாசித்தார். "'முதலாம் கட்டம் இயக்கம். இயக்கத்தில் உள்ளவர் அந்தச் சுற்றில் ஓடவும் கூடாது. இயக்கம் முடிந்த பின்பே சுடலாம்.' கடவுளே! இயக்கம் முடிஞ்ச பிறகு சுடலாமாம்!" பக்கத்தைப் புரட்டினார். பட்டியல். "இது என்ன? ஆக்களின்ர விபரமோ? பன்னிரண்டு பேர், நிரந்தர முகவரியோட!"

"சின்னம்மா, அது தண்ணிக்காரி…" என்று அக்கா தொடங்கினார்.

"தண்ணிக்காரியோ எண்ணெய்க்காரியோ! வாசிக்கிறவனுக்கு நீ விளங்கப்படுத்துவியோ, பிள்ளை? சிங்களத்திலயோ விளங்கப்படுத்துவாய்?"

அம்மாவின் பயத்தை இப்போது நான் சிறிதாக்கிச் சொல்ல விரும்பவில்லை. அவருடைய தம்பியை, என் மாமாவை, ஒருமுறை சட்டைப்பையிலிருந்த பஸ் ரிக்கற்றின் பின்புறம் எழுதியிருந்த தொலைபேசி இலக்கத்துக்காகக் கொண்டுபோய் மூன்று நாள் வைத்திருந்தார்கள். அது பல் வைத்தியரின் இலக்கம். தாளில் உள்ள எதுவும் எதுவாகவும் வாசிக்கப்படலாம் என்பதை அம்மா என்னைவிட நன்றாக அறிந்திருந்தார். இலக்கியம் படிக்க வந்தபின்தான் எனக்கு அது தெரிந்தது.

கொப்பியை எரிக்க முடியாது. பிளாட்டில் புகை வந்தால் கேள்வி வரும். அம்மா பக்கங்களைக் கிழித்துப் பிளாஸ்டிக் வாளியில் ஊறவைத்து, மாக் குழைப்பதுபோல் குழைத்தார். மை கரைந்து தண்ணீர் நீலமாயிற்று. கூழைச் சிறிது சிறிதாகக் கழிவறையில் ஊற்றினார். என் இரண்டு மாத எழுத்து எட்டுத்தரம் தண்ணீர் இழுத்ததில் போயிற்று. பெட்டி அரிசி வாளிக்குப் பின்னால் போயிற்று.

அன்று மாலை அம்மா முடிவைச் சொன்னார்.

"நேர்முகத்தில உந்தக் கதை வேண்டாம். வடக்கில இருந்து வந்த பிள்ளை, வெள்ளைக்காரனுக்கு முன்னால இருந்து, என்ர மனிசன் லீவு நாளில சண்டை பிடிக்கிறவர், படை வைச்சிருக்கிறவர் எண்டு சொல்லப் போறாவாம். கிரிக்கெட் எண்டு சொல்லு. கிரிக்கெட்டில ஆரும் பிழை பிடிக்கேலாது."

"அப்ப அவருக்கும் சொல்லவேணுமே, சின்னம்மா. அவர் வேற மாதிரி எழுதியிருந்தா?"

"போனில உந்தக் கதையைக் கதைக்காதை! கேட்டுக்கொண்டிருப்பினம்."

எங்கள் வீட்டுத் தொலைபேசியில் அம்மா சொல்லும் வசனங்கள் மூன்று: சுகம், மழை, சாப்பிட்டம். எங்கள் பேச்சை யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. அக்கா அப்பாவைப் பார்த்தார். அப்பா சுவரைப் பார்த்தார்.

நேர்முக நாள் காலை, அம்மா அக்காவின் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பஞ்சில் நகப்பூச்சு நீக்கும் திரவத்தைத் தோய்த்து, விரல் விரலாகத் துடைத்தார். நக இடுக்குகளில் காவலரின் நீலம் ஏறியிருந்தது. அம்மா அதை ஊசிமுனையால் கெல்லி எடுத்தார். "மணமகளின்ர கை மாதிரி இருக்கவேணும்," என்றார். எவ்வளவு அன்போடு அந்தச் சாட்சியத்தை அழித்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருவதில்லை.

மத்தியானம் அக்கா ஓட்டோவில் வந்து இறங்கினார். படியேறி வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, கதிரையில் இருந்தார்.

"என்ன கேட்டவை?"

"லீவு நாளில என்ன செய்வார் எண்டு கேட்டவர். கிரிக்கெட் எண்டன். துடுப்போ, பந்தோ எண்டு கேட்டவர். ரெண்டிலும் கெட்டிக்காரர் எண்டன்." அக்கா குவளையைச் சுற்றிக்கொண்டிருந்தார். "அங்க இப்ப ஆறு மாசமாப் பனி கொட்டுதாம். பனிக்குள்ள எப்பிடி விளையாடுறவர் எண்டு கேட்டார், சின்னம்மா. கம்பளிச்சட்டை போட்டுக்கொண்டு எண்டு சொன்னனான்."

யாரும் சிரிக்கவில்லை. அக்காவே பிறகு சிரிக்கத் தொடங்கினார். பாதியில் எழுந்து அறைக்குள் போனார்.

ஐந்து கிழமையில் கடிதம் வந்தது. அப்பா வாசிக்கக் கை நீட்டினார். அக்கா அதை என்னிடம் தந்தார். "நீ சொல்லு. நீதான் பிசகாமல் சொல்லுவாய்."

பிசகாமல் சொன்னேன். விண்ணப்பத்தோடு கணவர் இணைத்திருந்த கடிதத்துக்கும், சிறு உருவங்களுக்கு நிறம் பூசிக்கொண்டிருக்கும் அவருடைய புகைப்படங்களுக்கும் விண்ணப்பதாரியின் பதில் முரணாக உள்ளது. கணவரின் அன்றாட வாழ்க்கையை விண்ணப்பதாரி அறியவில்லை. இத்திருமணம் மெய்யானது என நான் திருப்தியடையவில்லை. 'மெய்யானது' என்ற சொல்லுக்கு வந்தபோது வேறு சொல் இருக்கிறதா என்று தேடினேன். இருக்கவில்லை.

அந்த அதிகாரிக்கு முன்னால் அத்தானின் படம் இருந்திருக்கிறது. மேசை விளக்கின் கீழே, தூரிகையோடு. அக்கா அதைப் பார்க்காமல் கிரிக்கெட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

அம்மா சுவாமித் தட்டுக்கு முன்னால் போய் நின்றார். நான் அகராதியைத் திறந்து 'நகர்வு' என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நத்தையை எடுத்திருந்தால் அம்மா கொப்பியை அப்படி வாசித்திருக்கமாட்டார். அலுமாரிக்குள் திரும்ப வைத்திருப்பார்.

அடுத்த நாள் நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது, பெட்டி மேசையில் இருந்தது. அக்கா துவாயை மடித்துப் பள்ளம் செய்துகொண்டிருந்தார்.

"புதுக் கொப்பி ஒண்டு எடு, குட்டி. சொல்லை மாத்தி எழுது. இனி என்னத்தை ஒளிக்கிறது?"

குசினியில் அம்மா தேநீருக்குத் தண்ணீர் வைத்தார்.

அத்தான் மறுபடி விண்ணப்பித்தார். நாலரை மாதம் காத்திருந்தோம். அப்பா பொலிஸ் நிலையத்துக்குப் போய்ப் பதிவை நீடித்துக்கொண்டு வந்தார். காரணம் அதே இரண்டு சொற்கள். பின்னேரங்களில் நாங்கள் போர் நடத்தினோம். மே மாதத்து வெக்கையில் நிறம் தூரிகையிலேயே காய்ந்தது. மழை தொடங்கியபோது யன்னலைச் சாத்தி, மஞ்சள் வெளிச்சத்தில் விளையாடினோம். உப்புக் காற்றில் காவலரின் பசை விட்டுப்போய், ஒருவனுக்குக் கை விழுந்தது. அக்கா ஒட்டவில்லை, "அவன் இனி ஒற்றைக் கையால சுடட்டும்," என்றார். அக்கா வேகமாக விளையாடுவதில்லை. தன் ஆட்களைச் சிறு சிறு கூட்டமாக விட்டு, நான் எல்லாத் துவக்குகளையும் ஒரு பக்கம் திருப்பும் வரை பள்ளத்துக்குள் இருப்பார். நான் பொறுமையிழப்பேன். அப்போதுதான் தண்ணிக்காரி எழும்புவாள்.

ஓடுகிறவர்களைச் சுட்டால் புள்ளி உண்டு. அக்கா ஒருமுறையும் அந்தப் புள்ளியை எடுத்ததில்லை.

அம்மா தேநீர் கொண்டுவந்து வைப்பார். முதலில் வைத்துவிட்டுப் போவார். பிறகு வைத்துவிட்டு நிற்கத் தொடங்கினார். ஒருநாள், தட்டோடு நின்றபடி கேட்டார்:

"உந்தத் தண்ணிக்காரி தப்பினவளோ?"

"இண்டைக்கு இல்லை, சின்னம்மா. மூண்டாம் சுற்றில ரயில் விழுத்திப்போட்டுது."

"அநியாயம்," என்றார் அம்மா, மெய்யாகவே கோபத்தோடு. "ரயிலுக்கு எங்க கண் தெரியும்?" பிறகு, போகும்போது திரும்பாமலே, "நான் நல்லதுக்குத்தான் சொன்னனான், பிள்ளை."

"தெரியும் சின்னம்மா. பொய் சொல்லச் சொன்னதுக்கு எனக்குக் கோபமில்லை. கிரிக்கெட்டைச் சொல்லித் தராமல் அனுப்பினியளே, அதுக்குத்தான்."

அம்மாவுக்கு அழுவதா, சிரிப்பதா என்று தெரியவில்லை. தேநீர்த் தட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். அது காவலரின் பாசறைக்கு நடுவில் இருந்தது.

இரண்டாம் நேர்முகத்துக்கு அக்கா நகங்களைத் துடைக்கவில்லை. அம்மா பஞ்சை எடுக்கவுமில்லை. நீலமும், புதிதாகச் சேர்ந்த செம்மண் நிறமும் விரல் நுனிகளில் அப்படியே இருக்க, சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு போனார். திரும்பி வந்து முழுவதையும் ஒப்புவித்தார். லீவு நாள் கேள்வி வந்ததும் விதிகளை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாராம். நகர்வு, சுடுதல், மனவுறுதி. மொழிபெயர்ப்பாளர் மூன்றாம் விதியோடு வியர்த்துப்போனாராம். அதிகாரி, அக்காவின் கைகளைப் பார்த்துவிட்டு, போன முறை ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டாராம்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"பயந்திட்டம் எண்டு சொன்னனான். வேறென்ன சொல்லுறது?" அக்கா அம்மாவைப் பார்க்காமல் சொன்னார். "கடைசியா, விளையாடினா ஆர் வெல்லுவினம் எண்டு கேட்டவர். அவரோட நான் இன்னும் விளையாடேல்லை, போய்ச் சேர்ந்தா நான்தான் வெல்லுவன் எண்டன். அதை மட்டும் அந்த மொழிபெயர்ப்பாளர் சிரிச்சுக்கொண்டு சொன்னார்."

விசா வந்தது. பயணம் வியாழக்கிழமை பின்னேரம். பெட்டிகள் கட்டி முடித்து மத்தியானம் நேரம் மிஞ்சியிருந்ததால் கடைசி ஆட்டம் ஒன்று தொடங்கினோம். தூசிமக்களில் ஒன்பது பேர் விழுந்துவிட்டார்கள். ஐந்தாம் சுற்றின் முடிவில் தண்ணிக்காரி தரைப்பக்க விளிம்புக்கு ஒரே ஒரு இஞ்சி இப்பால் நின்றாள். ஆறாம் சுற்று, முதலில் என் முறை. என்னிடம் அவளைப் பார்க்கக்கூடிய காவலன் ஒருவன்தான் மிச்சம், அந்த ஒற்றைக் கைக்காரன். ஐந்தோ ஆறோ விழுந்தால் அவள் சாவாள். குறைந்தால், அக்காவின் முறை வரும், அவள் கடந்துவிடுவாள்.

தாயக்கட்டையைக் கையில் எடுத்தேன். கீழே வான்காரர் ஹோர்ன் அடித்தார்.

அப்பா பெட்டியைத் தூக்கினார். அம்மா திருநீற்றோடு ஓடிவந்தார். அக்கா என் மூடிய கையைத் தன் கையால் பொத்தினார். "இப்ப எறியாதை. நான் போய்ச் சேர்ந்து ஆறுதலா போன் எடுப்பன். அப்ப எறி. நான் கேட்டுக்கொண்டிருப்பன்." தூசிமக்களில் ஒருவனைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். படியிறங்கும் சத்தம் இரண்டாம் மாடி வரை கேட்டது. பிறகு ஒரு ரயில் வந்து மற்றதை மூடியது.

அத்தான் மறுநாள் போன் எடுத்து, அக்கா வந்து சேர்ந்துவிட்டார், களைப்பு, நித்திரை என்று மட்டும் சொன்னார். நாங்கள் காத்திருந்தோம். யாரும் மேசையைத் துப்புரவாக்கச் சொல்லவில்லை. அப்பா யன்னலடியில் சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துச் சாப்பிட்டார். அம்மா குசினிப் படியில் இருந்து சாப்பிட்டார். முன்பு 'பொம்மை' என்று குறைகூறிய அதே அம்மா, விளக்குமாற்றால் கூட்டும்போது மேசைக் காலில் படாமல் சுற்றிப் போனார். நான் காலையும் மாலையும் அளவுநாடாவால் அளந்து, ரயில் தள்ளியதைக் கொப்பியில் எழுதினேன். ஐந்தாம் நாள் தண்ணிக்காரி விளிம்புக்கு மூன்றே கால் இஞ்சி இப்பால். கடற்பக்கமாகத்தான், வழக்கம்போல்.

ஆறாம் நாள் பள்ளிக்கூடத்தால் வந்து பையை வைக்கும்போதே கண்டேன். தண்ணிக்காரி தரைப்பக்க விளிம்பில், கோட்டுக்கு அப்பால், கலத்தோடு நின்றாள். முகம் வெளியே பார்த்தபடி.

"அம்மா! ஆர் மேசையைத் தொட்டது?"

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். துருவுவதை நிறுத்தவில்லை. "ரயில்."

"ரயில் அந்தப் பக்கம் தள்ளாது. இவ்வளவு நாளில ஒருக்காலும் தள்ளேல்லை. கொப்பியைப் பாருங்கோ."

"பிள்ளை." துருவுபலகைச் சத்தம் நின்றது. "நீ கட்டையை எறிஞ்சு, அதில ஆறு விழுந்தா? போய் ஒரு கிழமை ஆகேல்லை அவள். தெரியாத ஊர், தெரியாத மனிசன். போனில இருந்து அதையோ கேக்கிறது?" சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தார். "நான்தான் தள்ளி வைச்சனான். ரயில் எண்டு எழுது."

அன்று மாலை தொலைபேசி அடித்தது. நான் எடுத்தேன். இரைச்சலுக்கு அப்பாலிருந்து அக்காவின் குரல், முதல் வார்த்தையாக: "கட்டை கையில இருக்கோ? தண்ணிக்காரி எங்க நிக்கிறா?"

நான் மேசையைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா வந்து கருவியை என் கையிலிருந்து வாங்கினார். சுகம், மழை, சாப்பிட்டம் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாதவர், கேட்டுக்கொண்டிருப்பவர்கள் எல்லாருக்கும் கேட்கட்டும் என்பதுபோல் உரத்துச் சொன்னார்:

"அவள் அங்கால போயிட்டாள், பிள்ளை! ஓம், தண்ணியோடதான். ரயில் தள்ளினது. ரயிலுக்கு ஆர் என்ன செய்யிறது?"

மறுமுனையில் அக்கா சிரிப்பது எனக்கும் கேட்டது. ரயில் எந்தப் பக்கம் தள்ளும் என்பது என்னைப்போலவே அவருக்கும் தெரியும்.

நான் கொப்பியைத் திறந்தேன். ஆறாம் சுற்று என்று எழுதி, அடிமட்டத்தால் கீழே கோடிட்டேன். நகர்வு என்ற நிரலில் பேனை சற்று நின்றது. அகராதியை எடுக்கவில்லை. 'ரயில்' என்று எழுதினேன்.